சாட்சியத்தை மறைப்போர் நாமே

 

கடந்த ரமளானின் கடைசிப் பத்தில், எங்கள் மஹல்லாவில் ஃபித்ரா பெறத் தகுதியுடையோரின் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடமும் இரண்டு இளைஞர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்றோம். என் வீட்டிலிருந்து ஆறாவது வீட்டில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் தனியாக வசிக்கிறார் என்றே பதினேழு ஆண்டுகளாக நான் எண்ணியிருந்தேன். பட்டியலிலும் அவ்வீட்டுக்கு நேரே "ஒருவர்" என்றுதான் எழுதியிருந்தது. திண்ணையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சொல்லாக உருப்பெறாத குரல். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தத் தாய் தலை கவிழ்ந்து சொன்னார்:

"எம் மவன்தான் தம்பி. முப்பத்துநாலு வயசாகுது. அக்காமார் ரெண்டு பேருக்கும் நிக்காஹ் முடியட்டும், அதுவரைக்கும் வெளிய தெரிய வேணாம்னு அவுக வாப்பா சொன்னாக. நிக்காஹும் முடிஞ்சிச்சு, அவுகளும் மவுத்தாகிட்டாக. அப்புறம் யார்ட்ட போயி என்னான்னு சொல்ல?"

பிறந்தது முதல் அறிவுசார் குறைபாடு உடைய அந்த மனிதருக்கு மருத்துவச் சான்றிதழ் இல்லை. ஆதார் இல்லை. குடும்ப அட்டையில் பெயரும் இல்லை. அரசின் ஏடுகளிலோ ஜமாஅத்தின் ஏடுகளிலோ அவர் பிறக்கவே இல்லை. ஐந்து வேளையும் பாங்கு கேட்கும் தொலைவில், தொழுகையாளிகள் நிறைந்த ஒரு தெருவில், முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஒரு முஸ்லிம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தார்.

அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. பெண் பார்க்க வரும்போது "குடும்பத்தில் குறையுள்ள பிள்ளை எவரேனும் உண்டா?" என்று தணிந்த குரலில் விசாரிக்கிறோமே, அந்த விசாரணைதான் அவரைக் கதவடைக்க வைத்தது. "உண்டு" என்ற பதில் வந்தால் தேநீர்க் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடும் நாம்தான் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள். இக்கட்டுரை நம்மை நோக்கியது.

இழந்தது எவ்வளவு?

மானத்தைக் காப்பதாக நினைத்து நாம் எதை இழக்க வைக்கிறோம் என்பதை முதலில் கணக்கிடுவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டம் இருபத்தொன்றை ஏற்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு நோய், பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோஃபிலியா, அமிலத் தாக்குதலால் நேர்ந்த பாதிப்பு ஆகியன அவற்றுள் அடங்கும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதெனச் சான்றளிக்கப்பட்டவருக்கு இச்சட்டத்தின் முக்கிய உரிமைகள் உரியனவாகின்றன.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 சதவீதமும், கடும் உடல் பாதிப்புக்கு 75 சதவீதமும் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். வருவாய்த் துறையின் வழியாக, வறிய நிலையிலுள்ள பதினெட்டு வயது கடந்தோருக்குத் தரப்படும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் தனி. அது 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒருவரே இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது.

மாதம் 2,000 என்றால் ஆண்டுக்கு 24,000. நாம் அந்த வீட்டுக்கு ஆண்டுக்கொரு முறை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மனநிறைவோடு திரும்பினோமே, அந்த ஃபித்ரா அரிசியை இதனருகில் வைத்துப் பாருங்கள். ஒரு மனிதரின் மாதாந்திர உரிமையை நம் ஏளனத்தால் தடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு பை அரிசியைக் கொடுத்து நன்மையை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"அரசிடம் கையேந்துவதா?"

இந்த இடத்தில் சிலர் மார்க்கத்தையே துணைக்கு அழைக்கிறார்கள். "யாசகத்தை இஸ்லாம் வெறுக்கிறது. அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவன் அரசு அலுவலகத்தின் வாசலில் நிற்கலாமா?" என்கிறார்கள். பேணுதலாகத் தோன்றும் இந்தப் பேச்சு வரலாற்றின் முன் நிற்காது.

யாசகத்தை இஸ்லாம் வெறுப்பது உண்மை. இயலாதோர் யாசிக்கும் நிலைக்கு ஆளாகாதவாறு காக்கும் கடமையை ஆட்சியாளர் மீது சுமத்தியதும் அதே இஸ்லாம்தான். கலீஃபா உமர்(ரலி) அவர்கள், பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாசலில் நின்று யாசிப்பதைக் கண்டார்கள். அவரைக் கைப்பிடித்துத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று இயன்றதைக் கொடுத்தார்கள். பின்னர் பைத்துல்மாலின் பொறுப்பாளருக்கு ஆளனுப்பி, இவரையும் இவரைப் போன்றோரையும் கவனிக்குமாறு ஆணையிட்டார்கள். இளமையில் அவரிடம் வரி பெற்றுக்கொண்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். இமாம் அபூயூசுஃப்(ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜ் நூலில் இந்நிகழ்வு பதிவாகியுள்ளது. உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், 705 முதல் 715 வரை நீடித்த தம் ஆட்சியில், தொழுநோயாளிகள் மக்களிடம் இரக்க வேண்டாதபடி அவர்களுக்கு உதவித்தொகை வழங்கினார். நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் நியமித்தார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார்.

ஆக, இயலாதவருக்கு அரசு தரும் மாதத் தொகை நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. நம் முன்னோர் ஆட்சியில் அமர்ந்து செய்த காரியம் அது. இன்று நாம் எண்ணெய் போன்ற பொருள்களை வாங்கும்போது வரி செலுத்துகிறோம். பொதுக் கருவூலத்திலிருந்து சட்டப்படி வருவதை வாங்குவது யாசகம் என்றால், அரசுப் பள்ளியில் படிப்பதும் நியாயவிலைக் கடையில் அரிசி வாங்குவதும் யாசகமே. அவற்றுக்கு நாம் கூசவில்லை. பிள்ளையின் குறை வெளியே தெரியும் என்ற இடத்தில் மட்டும் திடீரென்று தவக்குல் நினைவுக்கு வருகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி(ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை அப்போது வசதியாக மறந்துவிடுகிறோம்.

குறையுள்ளவரை மறைப்பது மானம் என்ற எண்ணத்துக்கும் மார்க்கத்தில் இடமில்லை. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம்(ரலி) அவர்களைத் தொட்டு ஓர் அத்தியாயமே இறங்கியது. நபி(ஸல்) அவர்கள் அவரைப் பாங்கு சொல்பவராக வைத்திருந்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார்கள். மதீனாவின் பொறுப்பை ஏற்றவரைப் போன்ற ஒருவரை நாம் அடுக்களைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறோம்.

கூட்டியும் சொல்லாதீர், குறைத்தும் சொல்லாதீர்

சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமானாலும் நீதியான சாட்சியத்தில் நிலைத்திருக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் என்பது அடிப்படையில் ஒரு சாட்சியம். விண்ணப்பத்தில் எழுதுவதும் மருத்துவர் முன் சொல்வதும் சாட்சியமே.

இதில் இரு திசைகளிலும் தவறுகிறோம். முகாமுக்குப் போகும் அன்று பிள்ளையைக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்தி அழைத்துச் செல்கிறோம். அதில் தவறில்லை. ஆனால், "தானே சாப்பிடுவானா?" என்று மருத்துவர் கேட்டால், "எல்லாம் செய்வான் டாக்டர், நல்ல பிள்ளை" என்கிறோம். உண்மையில் சோற்றைப் பிசைந்து ஊட்டுவது உம்மாதான். இரவில் நான்கு முறை எழுந்து துணி மாற்றுவதும் அவர்தான். பெருமைக்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் சதவீதத்தைக் குறைத்துவிடக்கூடும். அந்தச் சதவீதமே பிள்ளையின் உரிமை அனைத்துக்கும் வாசல். பிள்ளை எதைத் தானே செய்கிறான், எதற்குத் துணை வேண்டும், எத்தனை முறை வலிப்பு வந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பழைய சிகிச்சைச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். மதிப்பீடு உண்மைக்குப் புறம்பானது எனக் கருதினால் மேல்முறையீடு செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

மறுதிசையில் நிற்போர் இன்னும் அபாயமானவர்கள். தரகருக்குப் பணம் கொடுத்து இல்லாத குறையை எழுதி வாங்குவோரும், வசதியிருந்தும் வறியவர் என்று காட்டிக்கொள்வோரும் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? மாற்றுத்திறனாளிகளுக்குரிய பயனை மோசடியாகப் பெற்றால், அல்லது பெற முயன்றால், இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது சட்டத்தின் 91ஆம் பிரிவு. அந்தத் தண்டனைக்குத் தப்பினாலும், வயிற்றில் இறங்கிய ஹராமுக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டும். பொய்ச் சான்றிதழ் ஒன்று பிடிபட்டால், அடுத்து வரும் உண்மையான பிள்ளைகள் அனைவரும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறார்கள்.

வசதியுள்ள குடும்பத்தார் "எங்களுக்கு இந்தப் பணம் தேவையில்லை" என்பார்கள். நல்லது, வருமான வரம்புள்ள திட்டத்தை நாடாதீர்கள். ஆனால், சான்றிதழ் வேறு, பணம் வேறு. பள்ளியில் தேர்வுச் சலுகைக்கும் வேலைவாய்ப்பில் இடஒதுக்கீட்டுக்கும் வருமான வரிக் கழிவுக்கும் அச்சான்றிதழே ஆதாரம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு, பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு அதனைச் செய்கிறது. அந்தப் பிரிவினருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடும் உண்டு. வாப்பாவும் உம்மாவும் மண்ணுக்குள் போன பிறகு இந்தப் பிள்ளைக்காகக் கையெழுத்திடும் உரிமை யாருக்கு? பணக்காரர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

பெறுவதோடு முடிவதில்லை

ஓடியாடி வாங்கிய உதவித்தொகை சில ஆண்டுகளில் நின்றுபோன கதைகள் ஏராளம். பெரும்பாலும் காரணம் சிறியது. நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் முஹம்மது, குடும்ப அட்டையில் முகமது, வங்கிக் கணக்கில் மொகமத். உம்மாவின் பெயர் ஓரிடத்தில் பீவி, மற்றோரிடத்தில் பேகம். நமக்கு ஒன்றே, கணினிக்கு இருவர். விண்ணப்பிக்கும் முன்னரே எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்தமைப்பைக் கொண்டுவாருங்கள். பிள்ளைக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் தற்காலிகமானதெனில் அதில் முடிவு நாள் அச்சாகியிருக்கும். அந்நாளுக்கு மூன்று மாதங்கள் முன்னரே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். உயிருடன் இருப்பதற்கான சான்றை உரிய காலத்தில் கொடுங்கள். வீடு மாறினால் தெரிவியுங்கள். கணவர் வளைகுடாவில் இருக்க, இங்கே தனித்து நிற்கும் சகோதரிகளுக்கு இவற்றில் ஒவ்வொன்றும் மலைதான். அந்த மலையை அவர்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பயனாளி மவுத்தாகிவிட்டால் உடனே அலுவலகத்துக்கு அறிவிப்பது கடமை. ஜனாஸாவை அடக்கிவிட்டு அட்டையைப் பத்திரப்படுத்தி, மாதந்தோறும் பணம் எடுப்பது திருட்டு. வேறு மென்மையான பெயர் அதற்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த 2,000 ரூபாய் பிள்ளையின் பணம், பெற்றோரின் வருமானமன்று. தம் பொருளைத் தாமே நிர்வகிக்க இயலாதோரின் பொறுப்பாளர், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து நல்ல சொல் சொல்ல வேண்டும் என்பதே குர்ஆனின் வழிகாட்டல். அண்ணனின் தொலைபேசித் தவணைக்கு அந்தப் பணம் போய், பிள்ளைக்குப் பழைய கிழிந்த பாயே எஞ்சுமானால், அது அமானித மோசடி. வீட்டுச் சோற்றில் பிள்ளையின் பங்கும் வேகிறது என்பது உண்மைதான். அந்தப் பங்கு பிள்ளையின் தட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுக்கும் ஒரு சொல்

இவ்வளவும் நம்மைக் கேட்டுவிட்டு அரசைக் கேளாதிருந்தால் அதுவும் சாட்சியத்தை மறைப்பதாகும். பிறருக்கான ஒத்த திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குரிய தொகை குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. 2023இல் தமிழ்நாடு முதியோர் ஓய்வூதியத்தை 1,200 ஆக்கியபோது மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ஆக்கியது. கணக்கு மிகச் சரியாகச் சட்டத்தின் கீழ்வரம்பில் நிற்கிறது. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டமோ 80 சதவீதக் குறைபாடு கேட்கிறது. கொடுப்பது மாதம் 300 ரூபாய். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். படுத்த படுக்கையாய் இருக்கும் மனிதருக்குப் பத்து ரூபாயை நிர்ணயித்த கைகள் அதே பத்து ரூபாயில் ஒரு நாள் வாழ்ந்து காட்டட்டும். நடக்க இயலாதவரை மாடிப்படி ஏறி வரச் சொல்லும் அலுவலகங்களும், விரல்கள் மடங்கிப்போனவரிடம் கைரேகை கேட்கும் இயந்திரங்களும் இதே சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. இவற்றை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால், ஒளித்து வைக்கப்பட்டவருக்காக எவரும் குரல் கொடுக்க இயலாது. எண்ணிக்கையில் வராதவருக்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடமில்லை.

ஜமாஅத்துகள் என்ன செய்கின்றன?

நம் பள்ளிவாசல்களில் நிக்காஹ் பதிவேடு உண்டு. மவுத்துப் பதிவேடு உண்டு. சந்தா பாக்கி வைத்திருப்போரின் பட்டியல் ஒரு நாள் பிசகாமல் அறிவிப்புப் பலகையில் ஏறுகிறது. மஹல்லாவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் இருவர், பெண்கள் இருவர். வீடுகளுக்கு அவர்கள் சென்று, குடும்பத்தாரின் மானத்தைக் காத்து, ஒரு பதிவேடு தயாரிக்கட்டும். அதைப் பலகையில் ஒட்ட வேண்டியதில்லை. இணையவழி விண்ணப்பத்தை அவர்கள் நிரப்பட்டும். முகாம் நாளில் ஜமாஅத்தின் செலவில் ஒரு வண்டி ஏற்பாடாகட்டும். யாருடைய சான்றிதழ் எப்போது முடிகிறது என்பதைப் பதிவேடு நினைவூட்டட்டும். கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரியுடன் ஒரு பெண் துணை செல்லட்டும். ஜும்ஆ மேடையில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இது பேசப்படட்டும். பள்ளிவாசல் படிக்கட்டின் ஓரத்தில் ஒரு சாய்தளம் அமையட்டும். இலட்சங்கள் செலவிட்டு மினாராவை உயர்த்தும் நம்மால், சக்கர நாற்காலி ஏறும் சரிவொன்றுக்குச் சில மூட்டை சிமெண்ட் ஒதுக்க முடியாதா?

பெண் வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்வியைக் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். கேட்டே தீருவேன் என்றால், "உண்டு" என்ற பதிலுக்குப் பிறகு, "அவருக்கு அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

அந்த ஆறாவது வீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். முதலில் அந்த மனிதர் இருக்கிறார் என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்று, குடும்ப அட்டையில் பெயர், ஆதார் என ஒன்றன்பின் ஒன்றாக மாதங்கள் ஓடின. இப்போது அவருக்கு அடையாள அட்டை கிடைத்துவிட்டது. பராமரிப்பு உதவித்தொகைக்கான விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, அதிலிருந்த மகனின் புகைப்படத்தை முந்தானையால் துடைத்துவிட்டு அந்தத் தாய் கேட்டார்: "இத்தனை வருசம் வாங்காம விட்டதையும் சேத்துத் தருவாகளா தம்பி?"

தரமாட்டார்கள். உத்தரவான நாளிலிருந்துதான் தருவார்கள். போன ஆண்டுகள் போனவைதாம். அவற்றைத் திருப்பிக் கேட்கும் உரிமை அந்த மனிதருக்கு மஹ்ஷர் மைதானத்தில் உண்டு. அன்று அவர் அரசை மட்டும் சுட்டிக்காட்டுவார் என்று எண்ணி நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

உண்மைக்குச் சாட்சி சொல்லும் துணிவையும், உரியவரின் ஹக்கை உரியவரிடம் சேர்க்கும் நற்பேற்றையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.